சேர்ந்து பேர் கொடுத்தோம்

லிண்டன் கிரீக், நெப்ராஸ்கா
டிசம்பர் 8

அன்புள்ள டாரின் அக்கா,

போனில் கேட்க முடியாததால் எழுதுகிறேன். அம்மாவின் போனில் உன்னோடு பேசினால், அம்மா குழாயை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறாள். எனக்கென்று ஒரு போன் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகுதான் என்பது இந்த வீட்டுச் சட்டம். அதனால் தபால்தலை வாங்கிவிட்டேன்.

நேற்று சர்ச் கூடத்தில் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் பட்டை ரொட்டியும் போட்டார்கள். பெட்ரோல் நிலையத்து டோனா நேராக எங்கள் மேசைக்கு வந்தாள்.

“ஹாலி காலேஜ் மாறப் போறாளாமே? அப்ப அவகூட வாலிபால் ஆடுற உங்க பொண்ணு?”

“என் பொண்ணு எங்கயும் போகல. இன்னொரு ரொட்டி வெச்சுக்க, டோனா.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, “கோச்சுங்க வருஷத்துக்கு ஒரு ஊரா மாறுறாங்க. யாரும் அழல. புள்ளைங்க மாறினா மட்டும் ஊரே எழவு கொண்டாடுது,” என்றார்.

“வேய்ன், பேசாம சாப்பிடு.”

அம்மா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தாள்.

நான் நூலகத்தில் விதிகளைப் படித்தேன். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் மாற்றுப் பட்டியலில் ஒருத்தி பேர் கொடுத்துவிட்டால் அன்றிலிருந்து எந்தக் கல்லூரியும் அவளை அழைக்கலாம். அன்றிலிருந்தே அவளுடைய கல்லூரி, நடக்கிற பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்தியும் விடலாம். முதல் வரியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது வரியை யாராவது உனக்குச் சொன்னார்களா?

ஹாலிக்குப் பயமில்லை. அவள் பந்தை அடிக்கிறவள். டிவியில் அவள் கைதான் தெரிகிறது. நீ செட்டர். அந்தக் கைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறாய், பந்து போனதும் படத்திலிருந்தும் போய்விடுகிறாய். உனக்குப் பேச்சுச் சிகிச்சைப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதன் கட்டணத்தை அப்பா பார்த்தபோது சிரித்தார். சிரிப்பு வரவில்லை என்றாலும் சிரித்தார்.

நீ பேர் கொடுக்கவில்லைதானே?

பெட்ரா

*

கார்வர் பல்கலைக்கழகம்
டிசம்பர் 12

ஏய் புத்தகப் பூச்சி,

நூலகத்தில் உன்னிடம் வாடகை வாங்க வேண்டும். நீ படித்த விதி சரி. படித்த நேரம்தான் தப்பு. போன செவ்வாய்க்கிழமையே கொடுத்தாகிவிட்டது. ஹாலியும் நானும், ஒரே மேசையில், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக.

கடைசி ஆட்டம் தோற்ற அன்று ஹாலியின் காரில் உட்கார்ந்திருந்தோம். கார் வியாபாரி அவள் முகத்தைச் சாலையோரப் பலகையில் போட்டுக்கொள்வதற்காகக் கொடுத்த கார் அது. எனக்கும் கொடுத்தார்கள்: சாண்ட்விச் கடைக் கூப்பன். வான்கோழி மட்டும்தான் செல்லுமாம்.

“தெற்க ஒரு பெரிய இடத்துல என்னைக் கேக்கறாங்க,” என்றாள். “நீ இல்லாம நான் போகல, டாரின். உன் பந்து வரலன்னா என் கை வெறுங்கை.”

“நெசமாவா?”

“என் முழங்கால் மேல சத்தியம்.”

நீ சிரிக்காதே. எங்கள் அணியில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. பைபிளின்மேல் பொய் சொன்னவளைப் பார்த்திருக்கிறேன். முழங்காலின்மேல் சொன்னவளைப் பார்த்ததில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைக் கோச்சும் போனில், “நீங்க ரெண்டு பேரும் ஒரே பொட்டலம்,” என்றார். அங்கே ஆடுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் மாதிரித் தருகிறது. எனக்கும் உண்டாம். ஹாலிக்குத் தருவதில் ஒரு துண்டுதான், ஆனால் வான்கோழி இல்லை.

இங்கே எங்கள் கோச் ரென்னரிடம் சொன்னேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. “சரி. சாயங்காலத்துக்குள்ள லாக்கரக் காலி பண்ணிடு.” நான் போவதற்குள் என் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஹாலியுடையது அப்படியே இருந்தது. அவள் மனம் மாறினால் என்ன செய்வது என்று விட்டு வைத்திருப்பார்கள்.

அம்மாவிடம் கிறிஸ்துமஸுக்கு வந்து நானே சொல்கிறேன். அதற்குள் நீ வாயைத் திறந்தால் உன் புத்தகங்களைப் பனியில் புதைப்பேன்.

டா.

*

லிண்டன் கிரீக்
டிசம்பர் 28

அன்புள்ள அக்கா,

நீ காலை உணவுக்கு முன்பே கிளம்பிவிட்டாய். அம்மா முட்டையை உனக்கும் சேர்த்துத்தான் உடைத்திருந்தாள். அப்பா இரண்டு பங்கு சாப்பிட்டார்.

முந்தின இரவு நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நீயும் அம்மாவும் இடுப்பில் கை வைத்து ஒரே மாதிரி நின்றீர்கள். படமாக இருந்தால் யார் யாரென்று சொல்ல முடியாது.

“கோச் ரென்னர் இந்தச் சமையலறையில உட்கார்ந்து என் கொலாச்சே பன்னு நாலு தின்னுட்டு, உன்னப் பாத்துக்கறேன்னு சொன்னாங்க. நானும் வாக்கு குடுத்தேன்.”

“நீ குடுத்த வாக்குக்கு நான் குதிக்கணுமா?”

“காசுன்னதும் ஆளே மாறிட்ட, டாரின்.”

“எங்க ஆட்டத்துக்கு டிக்கெட் விக்கறவங்ககிட்டப் போய் அதச் சொல்லும்மா!”

அப்போது கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு அம்மா சொன்னது உனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னாள்: “அவங்க இவள வேணாம்னு சொல்லிட்டா? அப்ப என்ன பண்ணுவா, வேய்ன்?” குரலில் கோபமே இல்லை. ஆலங்கட்டி மழை வருகிற சாயங்காலங்களில் சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவாளே, அந்தக் குரல்.

எனக்கும் அதே கேள்விதான். தெற்கிலிருந்து எழுத்தில் ஏதாவது வந்ததா? உங்கள் இருவருக்கும் என்று அல்ல. உன் பெயருக்கு, தனியாக.

பெட்ரா

*

கார்வர்
ஜனவரி 3

பெட்ரா,

எழுத்தில் ஒன்றும் வரவில்லை. இந்த உலகத்தில் முதலில் பேச்சு, அப்புறம்தான் காகிதம். அம்மா முட்டை உடைத்ததை எழுதாமல் இருந்திருக்கலாம் நீ.

விடுமுறை முடியுமுன் தெற்கே எங்கள் இருவரையும் விமானத்தில் வரவழைத்தார்கள். இறால் வறுவல், அவர்கள் அணிச் சட்டை போட்டுப் படம் எடுப்பது, விளக்கு எரிகிற லாக்கர் எல்லாம் உண்டு. பிறகு ஹாலியை ஓர் அறைக்குள் கூட்டிப் போனார்கள். நான் வெளியே மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். எந்த மீன் எந்த மீனைத் துரத்துகிறது என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கதவு திறந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்னையும் பார்த்துச் சிரித்தார்கள்.

“உன்கிட்டயும் பேசுவாங்க,” என்றாள் ஹாலி.

“எப்ப?”

“சீக்கிரம்தான். ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? பயமா இருக்கா?”

இல்லை என்றேன். உன்னிடமும் அதையே எழுதுகிறேன்.

டா.

*

லிண்டன் கிரீக்
ஜனவரி 9

அக்கா,

நீ ஏற்கெனவே பார்த்திருப்பாய். இருந்தாலும் யாராவது உன்னிடம் சொல்லத்தானே வேண்டும்.

நூலகக் கணினியில் ஹாலியின் படம் வந்திருக்கிறது. புதுச் சட்டை, கையில் பந்து, கையெழுத்தும் போட்டுவிட்டாள். நான் படத்தை இடமும் வலமும் நகர்த்தினேன், ஓரத்தில் நீ நிற்கிறாயா என்று. அது ஒருத்தியின் படம்தான்.

அன்று மாலையே இன்னொரு படம் போட்டார்கள். நோலனி என்று ஒருத்தி, மொன்டானாவில் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வருகிறாள். செட்டர். உன்னைவிட ஒரு சாண் உயரம்.

பள்ளியில் டோனாவின் மகன் கேட்டான்: “உங்கக்கா இப்ப எந்த டீமு? வீட்டு டீமா?” கழிவறைக்குப் போய்ப் பதில் யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. உன் கட்டிலுக்கு உறை மாற்றினாள்.

ஒரு வரியாவது எழுது.

பெட்ரா

*

கார்வர்
ஜனவரி 14

பெட்ரா,

இதோ ஒரு வரி: பார்த்தேன்.

ஹாலியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு அழுதாள். “உன்னையும் கூப்பிடுவோம்னுதான் சொன்னாங்க, டாரின். கையெழுத்து போட்டப்பறம்தான் செட்டர் வேற ஆளுன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்ன பண்ணட்டும் என்று கேட்கிறவளுக்கு நான் என்ன சொல்வது? அவளுடைய முழங்கால் நன்றாக இருக்கட்டும்.

இங்கே மே மாதம் வரை படிப்பும் அறையும் உண்டு. அதற்குப் பிறகு கிடையாதென்று தாளில் வந்துவிட்டது. அரங்கத்தின் கதவு என் அட்டைக்குத் திறப்பதில்லை. துணி துவைக்கிற அறையில் சுவரோடு பந்து போட்டுப் பழகுகிறேன். நேற்று ஒருத்தன் வந்து, “அக்கா, என் சட்ட காயற வரைக்குமாவது சும்மா இருங்க,” என்றான். சாப்பாட்டுக் கூடத்தில் அணிப் பெண்கள் கையசைக்கிறார்கள். தட்டோடு யாரும் என் மேசைக்கு வருவதில்லை. போன வருடம் பேர் கொடுத்த ஒருத்தியிடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

மற்ற கல்லூரிகள் கேட்கவில்லையா என்று கேட்பாய். பட்டியலில் என்னைப்போல் நிறையப் பேர். இரண்டு இடத்தில் “பாக்கறோம்” என்றார்கள். ஓரிடத்தில் என் பெயரையே தப்பாகச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

பந்து சுவரில் பட்டுச் சரியாகத்தான் திரும்பி வருகிறது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

டா.

*

லிண்டன் கிரீக்
ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாமல் படி. சனிக்கிழமை அம்மாவும் நானும் கார்வருக்கு வந்தோம். உன்னைப் பார்க்க அல்ல.

பல் மருத்துவரிடம் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா நெடுஞ்சாலையில் ஏறினாள். பனி பக்கவாட்டில் அடித்தது. வழியில் ஒரே ஒரு தடவை பேசினாள்: “சீட்டுக்குக் கீழ டப்பா இருக்கு, சாயாமப் பாத்துக்க.” டப்பாவில் கொலாச்சே. ஆப்ரிகாட் ஜாம் வைத்தது.

கோச் ரென்னர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கெட்டவர்போலத் தெரியவில்லை. அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது.

“என் பொண்ணு ஒரு தப்புப் பண்ணிட்டா,” என்றாள் அம்மா. “திருப்பி எடுத்துக்க முடியுமா?”

“தப்புன்னு நான் சொல்ல மாட்டேங்க. அது அவ உரிமை. ஆனா அவ போனதும் அதே பட்டியல்லேருந்து ரெண்டு செட்டரக் கூப்பிட்டுட்டேன். அவங்களுக்கும் அம்மா இருக்காங்க.”

“அன்னிக்கு எங்க வீட்டுல, பாத்துக்கறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அவ இங்க இருந்த வரைக்கும் பாத்துக்கிட்டேன்.”

அம்மா எழுந்தாள். டப்பாவைக் கொடுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நாங்களே இரண்டிரண்டு தின்றோம். உன் விடுதியின் சன்னல்கள் அங்கிருந்து தெரிந்தன. “மேல போலாமா?” என்று கேட்டேன். அம்மா கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். “இப்படிப் போனா அவ பயந்துடுவா,” என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

அவள் இன்னும் உன்மேல் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்காதே. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

பெட்ரா

*

கார்வர்
ஜனவரி 21

பெட்ரா,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். ஒரு காரியம் செய்துவிட்டேன். கேட்டால் கத்துவாய்.

ஞாயிறன்று ஹாலி கூப்பிட்டாள். புது இடத்தில் அவளுக்கு ஒரு பந்தும் சரியாக விழவில்லையாம். கோச் முகம் சுளிக்கிறாராம். “நோலனிகிட்ட நீ ஒரு தடவ பேசேன். எனக்கு எப்படிக் குடுப்பேன்னு சொல்லு. ப்ளீஸ்டி.”

“என் எடத்துல இருக்கறவளுக்கு நான் பாடம் எடுக்கணுமா? உனக்கு மூளை இருக்கா?”

“இல்லதான். இருந்தா உன்ன விட்டுட்டு வந்திருப்பேனா?”

வைத்துவிட்டேன். அப்புறம் துவைக்கிற அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹாலிக்குப் பந்து வலையிலிருந்து ஒரு கை தள்ளி வர வேண்டும். பதற்றத்தில் இருந்தால் இடது காலை முன்கூட்டியே வைத்துவிடுவாள், அப்போது கொஞ்சம் தாழ்வாகக் கொடுக்க வேண்டும். “குடு” என்று கத்துவாள், கத்திய பிறகு ஒரு மூச்சு விட்டுக் கொடுத்தால்தான் சரியாக இருக்கும். இதெல்லாம் எந்தக் காணொளியிலும் தெரியாது. தெரியாமல் யாரோ அவளுக்குத் தப்புத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நானே நோலனியைக் கூப்பிட்டுவிட்டேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் கேட்டாள்:

“இத சொல்றதுக்கு உனக்குக் காசு குடுத்தாங்களா?”

“இல்ல.”

“எனக்குக் குடுக்கறாங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். “மொன்டானால நான் விட்டுட்டு வந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. கோச் ஹௌகன் என்னத் திட்டிக்கிட்டே இருக்காங்க. நம்பர் தரேன், பேசறியா? என் பேரச் சொல்லாத, போன வெச்சுடுவாங்க.”

பேசினேன். நான் ஆடிய ஆட்டங்களை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார், ஹாலியை விட்டுவிட்டு என் கையை மட்டும்! கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. சம்பளம் கிடையாது. “பஸ்ஸுக்கு டீசல் போடவே எங்களுக்கு மூச்சு வாங்குதும்மா,” என்றார். அங்கே பேச்சுச் சிகிச்சைப் படிப்பு இருக்கிறது. என் பாடங்களில் பெரும்பாலானதை ஏற்றுக்கொள்வார்களாம்.

ஆனால் அவர் அனுப்பிய தாளில் ஒரு வருடம் என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டாவது வருடம் பற்றிக் கேட்டதற்கு, “அதுக்கென்ன, பாத்துக்கலாம்,” என்றார். நம் சமையலறையில் ரென்னர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான். எழுதித் தாருங்கள் என்று கேட்டால், இவள் தொல்லை பிடித்தவள் என்று அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவாரோ? கேட்காமல் கையெழுத்து போட்டால் அடுத்த மே மாதம் இதே மாதிரி இன்னொரு துவைக்கிற அறையில் நிற்பேனோ?

ஹாலி இன்னொன்று சொல்கிறாள். ஒரு வருடம் பொறுத்தால் தெற்கில் எனக்கு இடம் வரலாம், சம்பளத்தோடு. வரலாம்.

பிப்ரவரி முதல் வாரம் வரைதான் அவகாசம். நீ என்ன நினைக்கிறாய்? விளையாட்டு என்றாலே கொட்டாவி விடுகிறவள்தான் நீ. அதனால்தான் கேட்கிறேன்.

டா.

*

லிண்டன் கிரீக்
ஜனவரி 26

அன்புள்ள அக்கா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

நீ எழுதியதை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். புத்தகங்களைப் புதைப்பதானால் புதை. இது என் தலைக்குப் பெரியது.

அம்மா நின்றபடியே படித்தாள். ஹாலிக்கு நீ உதவி செய்த இடத்தில், “இவளுக்குக் கிறுக்கு,” என்றாள். ஆனால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

“கேக்கச் சொல்லு.”

“கேட்டா வேணாம்னுடுவாங்களோன்னு பயப்படறா.”

“வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லட்டும். ஒரு வருஷம் கழிச்சு சொல்றதுக்கு இது தேவல. நான் ரென்னர்கிட்டக் கேக்கல. சாப்பிட வந்தவங்ககிட்ட எழுதிக் குடுன்னு எப்படிக் கேக்கறதுன்னு கூச்சம். என் பொண்ணுக்காவது அந்தக் கூச்சம் வேணாம்.”

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, “சம்பளமும் கேக்கச் சொல்லு,” என்றார்.

“வேய்ன், அவங்ககிட்ட டீசலுக்கே இல்லையாம்.”

“அப்ப டீசல் கேக்கச் சொல்லு.”

அம்மா சிரித்தாள். டிசம்பருக்குப் பிறகு இப்போதுதான்.

என் கருத்தையும் கேட்டாய். மொன்டானாவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், ரொம்பத் தொலைவு. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஹாலிக்காகக் காத்திருக்காதே. அவள் நல்லவள்தான். ஆனால் அவள் சொல்கிற ‘வரலாம்’ அவள் கையில் இல்லை.

கேட்டுவிட்டு, என்ன சொன்னாலும் எழுது. கெட்ட செய்தியென்றால் அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்கிறேன்.

பெட்ரா

*

கார்வர்
பிப்ரவரி 4

பெட்ரா,

கேட்டேன். முதலில் சுவரிடம் கேட்டுப் பழகினேன். சட்டை காயப் போட்டவன், “யாரக்கா, காதலனா?” என்றான். பிறகு கோச் ஹௌகனைக் கூப்பிட்டேன்.

“கோச், ரெண்டு வருஷம்னு எழுதித் தருவீங்களா? முழங்கால் போனாலும், பெஞ்சுல உட்கார வெச்சாலும், படிப்பு முடியற வரைக்கும்னு?”

தூரத்தில் யாரோ பந்து அடிப்பது மட்டும் கேட்டது. போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் கேட்டார். “போன செட்டருக்கு நான் பந்து தூக்கவே கத்துக் குடுத்தேன். ஒரு வார்த்த சொல்லாமப் போனா. பட்டியலப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. நான் ரெண்டு வருஷம் எழுதித் தரேன். நீ போக மாட்டேன்னு எழுதித் தருவியா?”

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் நோலனி தெற்கே போனதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அப்படியிருக்க, நான் மட்டும் எப்படி அதை எழுதிக் கொடுப்பது?

“மாட்டேன், கோச்,” என்றேன். “நாளைக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியல. பொய்யா ஒண்ணு எழுதித் தர முடியாது. போறதா இருந்தா பட்டியலுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ரூமுக்கு வருவேன். கதவத் தட்டிட்டு வருவேன். அத வேணா எழுதித் தரேன்.”

மறுபடியும் அந்தப் பந்துச் சத்தம்.

“யோசிச்சு சொல்றேன்,” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன நாட்களை உனக்கு எழுத மாட்டேன். நான் சாப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை. ஹாலி இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

இன்று காலை தாள் வந்தது. இரண்டு கல்வியாண்டுகள் என்று அச்சில் இருக்கிறது. அடிபட்டாலும் உண்டு, ஆடவிடாவிட்டாலும் உண்டு. அடியில், கோச்சின் கோணல் கையெழுத்தில் நீல மையில் ஒரு வரி: ‘போவதாக இருந்தால் முதலில் என் கதவைத் தட்ட வேண்டும்.’ அதற்கு எதிரே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் எனக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்.

அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பு ஒன்றும் இருக்காது என்று நீ சொல்வாய். தெரியும். மேலே உள்ளதற்குக் கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கோட்டின்மேல் போடுமுன்தான் பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன்.

போட்டுவிட்டேன்.

டாரின்